பொம்மை அடுப்பை விட்டு எழுந்துபோன குழந்தைகள்: அடையாறில் வாழ்ந்த மரியா மாண்டிசோரி யார்?

நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கால் வைக்க இடம் இருக்காது. கொலு பொம்மைகளுக்கு நடுவே கல்யாண செட், கிரிக்கெட் செட், மளிகைக் கடை செட்டியார், கூடவே குட்டிக் குட்டி சொப்பு சாமான்கள் என வரிசை கட்டி நிற்கும். அங்கிருந்து தி.நகர் பாண்டி பஜார் பக்கம் போனால் காட்சி மாறும். பிளாஸ்டிக் கிச்சன் செட், டாக்டர் செட், பட்டனை அழுத்தினால் பாட்டுப் பாடும் அடுப்பு.

சின்னக் குழந்தை இருக்கும் பல வீடுகளில் ஒரே கதைதான். ஆசை ஆசையாக ஒரு கிச்சன் செட் வாங்கிக் கொடுத்தாச்சு. இரண்டு நாள் விளையாட்டு நடக்கும். மூணாவது நாள் அந்த செட் மூலையில் கிடக்கும். குழந்தையோ கிச்சன் தரையில் உட்கார்ந்து, நிஜக் கரண்டியால் நிஜப் பாத்திரத்தைத் தட்டிக்கிட்டு இருக்கும்.

காசு வீணாப் போச்சே என்று நாம் வருத்தப்படுவோம். ஆனால் 100 வருஷத்துக்கும் முன்னால் இதே காட்சியைப் பார்த்த ஒரு டாக்டர் வருத்தப்படவில்லை. ஏன் இப்படி என்று யோசித்தார். உலகம் முழுக்கக் குழந்தைகளின் வகுப்பறை மாறியதற்கு அந்த யோசனையும் ஒரு காரணம். இன்னொரு விஷயம், அவர் நம்ம அடையாறில் வாழ்ந்தவர். பெயர் மரியா மாண்டிசோரி.

எந்தத் தெருவில் பார்த்தாலும் மாண்டிசோரி ஸ்கூல் போர்டு தொங்குகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பெண்ணின் கதை பலருக்கும் தெரியாது. சுருக்கமாகப் பார்க்கலாம்.

இன்ஜினியர் ஆசை, டாக்டர் பட்டம்

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31ஆம் தேதி இத்தாலியின் கியாரவல்லே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா அரசு ஊழியர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்தது.

அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்கு டீச்சர் வேலைதான் என்று வீட்டிலும் வெளியிலும் முடிவு செய்திருந்தார்கள். மரியாவுக்கோ இன்ஜினியர் ஆக ஆசை. தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு மனசு மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மா துணை நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்று ஒதுக்கினார்கள். அதனால் எல்லோரும் போன பிறகு, மாலையில், தனியாக அந்தப் பாடத்தை முடிக்க வேண்டியிருந்தது. 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் அவரும் ஒருவர்.

ரொட்டித் துணுக்கில் கிடைத்த விடை

பட்டம் வாங்கியதும் மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளை அப்போது பெரியவர்களோடு சேர்த்து மனநலக் காப்பகத்திலேயே அடைத்து வைத்திருந்தார்கள்.

அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் முக்கியமானது. சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் தரையில் தவழ்ந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள் என்று காவலாள் அருவருப்போடு புகார் சொல்கிறார். மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்க்கிறார். தொட ஒரு பொருள் இல்லை. உருட்ட ஒரு பந்து இல்லை. குழந்தைகளுக்குப் பசி இல்லை, கைக்கு வேலைதான் இல்லை. அந்த அறையில் விரலால் பிடித்துப் பார்க்கக் கிடைத்த ஒரே பொருள் அந்தத் துணுக்குகள்தான்.

பிறகு இட்டார்ட், செகுயின் என்ற பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். கையால் தொட்டு, அடுக்கி, பொருத்திப் பார்க்கும் பொருட்களைச் செய்து அந்தக் குழந்தைகளிடம் கொடுத்தார். நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அப்போது அவருக்கு வந்த சந்தேகம் இதுதான்: இந்தக் குழந்தைகளே இவ்வளவு கற்க முடிகிறது என்றால், சாதாரணப் பள்ளிகளில் நல்லா இருக்கும் குழந்தைகளை நாம் என்ன பண்ணிக்கொண்டிருக்கிறோம்?

ஊருக்குச் சொல்ல முடியாத மகன்

இதே காலத்தில் அவருடைய சொந்த வாழ்க்கையில் ஒரு பெரிய இழப்பு. கூட வேலை பார்த்த டாக்டர் ஜுசெப்பே மொன்டெசானோவுக்கும் அவருக்கும் 1898 மார்ச் 31ஆம் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மரியோ. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் வேலை, பெயர் எல்லாமே போய்விடும்.

குழந்தை கிராமத்தில் ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மரியா அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார். யார் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். மொன்டெசானோ பிறகு வேறொரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார்.

ஊரார் குழந்தைகளை மணிக்கணக்கில் உட்கார்ந்து கவனித்த பெண்ணுக்குச் சொந்தக் குழந்தையின் விளையாட்டைப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. மரியோவுக்குச் சுமார் 15 வயது ஆன பிறகுதான் அம்மாவோடு வந்து சேர்ந்தார். அப்போதும் வெளியில் மருமகன் முறை, தத்துப்பிள்ளை என்றுதான் அறிமுகம்.

1907: பொம்மைச் சமையலறையில் நடந்தது என்ன?

ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைப் பகுதி. அங்கே ஒரு கட்டட நிறுவனம் பழைய அடுக்குமாடி வீடுகளைப் புதுப்பித்தது. அப்பா அம்மா வேலைக்குப் போன நேரத்தில் குழந்தைகள் சுவரில் கிறுக்குவதும் படிக்கட்டில் ஓடுவதுமாக இருந்தார்கள். கட்டடம் பாழாகக் கூடாது, குழந்தைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மாண்டிசோரியை அழைத்தார்கள்.

1907 ஜனவரி 6ஆம் தேதி அந்தக் கட்டடத்திலேயே முதல் குழந்தைகள் இல்லம் திறந்தது. சுமார் 50 குழந்தைகள். பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. அந்தக் கட்டடக் காவலாளியின் மகளே பார்த்துக்கொண்டார்.

அங்கே அழகழகான பொம்மைகளும் இருந்தன. குட்டிப் பாத்திரங்கள், குட்டி அடுப்பு, அலங்காரப் பொம்மை என்று இன்றைய கிச்சன் செட் மாதிரியே ஒன்றும் இருந்தது. வறுமையில் வாடும் குழந்தைகள் அதன்மேல் பாய்ந்து விழுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் சீந்துவார் இல்லை.

மாண்டிசோரிக்கே ஆச்சரியம். ஒருவேளை எப்படி விளையாடுவது என்று தெரியவில்லையோ என்று தானே உட்கார்ந்து, பாத்திரங்களை எடுத்துக் காட்டி, அந்தக் குட்டி அடுப்பைப் பற்ற வைத்து, பக்கத்தில் பொம்மையையும் உட்கார வைத்தார். குழந்தைகள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அப்புறம் எழுந்து போய்விட்டார்கள்.

எங்கே போனார்கள்? மர உருளைகளைத் துளையில் பொருத்தும் கட்டையிடம். மேசை துடைக்கும் துணியிடம். மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி அந்த உருளைகளை எடுத்து மாட்டுவதும் கழற்றுவதுமாக 40 முறைக்கு மேல் செய்தாள். சுற்றி மற்ற குழந்தைகள் பாட்டுப் பாடியும் அவள் தலை நிமிரவில்லை.

இதிலிருந்து மாண்டிசோரி வந்த முடிவு எளிமையானது. சின்னக் குழந்தைக்குப் பெரியவர்களின் உலகத்துக்குள் வர வேண்டும். கதவை நாம் மூடிவிட்டு, வெளியே ஒரு பொம்மை உலகத்தைக் கொடுத்து உட்கார வைக்கிறோம். கதவைத் திறந்தால் குழந்தை நிஜத்தைத்தான் எடுக்கும்.

அதன்பின் அவரது பள்ளிகளில் நாற்காலியும் மேசையும் குழந்தையின் உயரத்துக்கு வந்தன. பூட்டிய அலமாரிக்குப் பதில் கைக்கு எட்டும் திறந்த அடுக்கு வந்தது. விழுந்தால் உடையும் நிஜக் கண்ணாடி டம்ளரும் பீங்கான் தட்டும் வந்தன. உடையும் பொருளைத்தான் குழந்தை பத்திரமாகப் பிடிக்கக் கற்கும் என்பது அவர் கணக்கு.

புகழும், ஒரு கறையும்

1909இல் தன் முறையைப் புத்தகமாக எழுதினார். சில வருஷங்களில் அமெரிக்கா வரை பெயர் போனது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த மாண்டிசோரி வகுப்பறையைக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து பார்த்தார்கள். 1931இல் லண்டன் போன மகாத்மா காந்தி அங்கே மாண்டிசோரியைச் சந்தித்தார்.

எல்லாமே பாராட்டுக்குரியது என்று சொல்ல முடியாது. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி அவருடைய பள்ளிகளுக்கு ஆதரவு தந்தபோது அதை ஏற்றுக்கொண்டு சுமார் 10 வருஷம் சேர்ந்து வேலை செய்தார். அந்த உறவு 1934இல் முறிந்தது. இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் தங்கியிருந்தவர் 1936இல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் அங்கிருந்தும் கிளம்பி நெதர்லாந்து போனார்.

மெட்ராஸுக்கு எப்படி வந்தார்?

அடையாறில் தியசாபிகல் சொசைட்டி எனும் பிரம்மஞான சபை. அப்போது அதன் தலைவர் ஜார்ஜ் அருண்டேல். அவர் மனைவிதான் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி. இவர்கள் அழைப்பில் 1939 நவம்பரில் மாண்டிசோரி மெட்ராஸ் வந்து இறங்கினார். வயசு 69. கூடவே மகன் மரியோ.

சொசைட்டியின் ஒல்காட் கார்டன்ஸில் பனையோலைக் குடிசைகள் போட்டுப் பயிற்சி நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து 300 பேருக்கு மேல் வந்தார்கள். மாண்டிசோரி இத்தாலிய மொழியில் பேசுவார், மரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம்.

ஆனால் 1940 ஜூன் 10ஆம் தேதி இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. ஒரே நாளில் அம்மாவும் மகனும் எதிரி நாட்டுக்காரர்கள் ஆனார்கள். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். மாண்டிசோரி அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. ஒருமுறை பறிகொடுத்த மகனை இரண்டாவது முறையும் பிரிய வேண்டிய நிலை.

பிறந்தநாள் பரிசாக வந்த தந்தி

1940 ஆகஸ்ட் 31. மாண்டிசோரிக்கு 70 வயது நிறைவு. வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவரது மகனை விடுதலை செய்வதாகத் தகவல்.

மகன் என்ற அந்த ஒரு சொல்தான் இங்கே முக்கியம். 42 வருஷமாக ஊருக்குச் சொல்லாமல் வைத்திருந்த உறவை ஓர் அரசாங்கத் தந்தி பகிரங்கமாக எழுதிவிட்டது. மரியோ அடையாறுக்குத் திரும்பி வந்தார். கடைசி வரை அம்மாவின் வேலையில் கூடவே இருந்தார்.

இந்தியா அவருக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன?

சில மாதத்துக்கு வந்தவர் 1946 வரை இங்கேயே இருந்தார். போருக்குப் பின் மறுபடியும் வந்தார். அடையாறு, அகமதாபாத், கொடைக்கானல், கராச்சி, இலங்கை எனப் பல இடங்களில் பயிற்சி நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் நேரடியாகப் பயிற்சி பெற்றார்கள்.

அதுவரை அவர் பெரும்பாலும் மூணு வயசுக்கு மேற்பட்ட குழந்தைகளோடுதான் வேலை செய்திருந்தார். இங்கே பிறந்தது முதல் மூணு வயசு வரையிலான பருவத்தின்மேல் கவனம் திரும்பியது. கைக்குழந்தையைத் தொட்டிலில் தனியே போடாமல் கடை கண்ணி, கோயில் குளம் என்று அம்மா போகும் இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போகும் நம்ம ஊர்ப் பழக்கம் அவரைக் கவர்ந்தது. குழந்தை பார்ப்பதையும் கேட்பதையும் அப்படியே உள்வாங்குகிறது என்ற கருத்தை விளக்கி அகமதாபாத்தில் பேசிய உரைகள், 1949இல் அடையாறு தியசாபிகல் பதிப்பகத்தில் நூலாக வந்தன. உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட ஒரு கல்வி நூல் முதலில் அச்சானது நம்ம சென்னையில்.

அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவர் பெயர் நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் தேதி நெதர்லாந்தின் நூர்ட்வைக் என்ற கடலோர ஊரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அப்போ கிச்சன் செட் வாங்கவே கூடாதா?

இங்கேதான் ஒரு குழப்பம். மாண்டிசோரி கற்பனைக்கு எதிரி இல்லை. ஆறு வயசுக்குள் குழந்தை நிஜ உலகத்தைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறது, அந்த நேரத்தில் பெரியவர்களின் கற்பனையை அதன்மேல் திணிக்காதீர்கள் என்பதே அவர் வாதம். ஆறு வயசுக்குப் பிறகு கற்பனைதான் கற்றலின் பெரிய சக்தி என்பதையும் அவர் வலியுறுத்தினார். கொடைக்கானலில் வாழ்ந்த காலத்தில் அந்தப் பெரிய குழந்தைகளுக்கான பாடமுறையை விரிவாக வளர்த்தெடுத்தார்.

ஆனால் முதல் பகுதியைப் பல அறிஞர்கள் ஏற்கவில்லை. குச்சியைக் குதிரையாக நினைத்து ஓட்டும்போதுதான் குழந்தை சிந்திக்கக் கற்கிறது என்பது ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் பார்வை. நம்ம மரபும் அந்தப் பக்கம்தான். மணல் வீட்டு விளையாட்டுக்கும் சிறுதேர் உருட்டுவதற்கும் பிள்ளைத்தமிழில் தனித்தனிப் பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள் தமிழ்ப் புலவர்கள்.

மாண்டிசோரியின் கவனிப்பும் பொய்யாகவில்லை. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் ஒரு வேலையை நிஜமாகச் செய்வதா, செய்வதுபோல் விளையாடுவதா என்று கேட்டார்கள். பெரும்பாலும் நிஜத்தையே குழந்தைகள் தேர்ந்தெடுத்தார்கள்.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் இரண்டையும் செய்தவர்கள். சொப்பில் மண்ணைப் போட்டுச் சோறு என்பார்கள். வீட்டுக்கு வீடு அரிசி பருப்பு வாங்கி நிஜமாகவே கூட்டாஞ்சோறும் ஆக்குவார்கள். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று என்று யாரும் நினைத்ததில்லை.

பொம்மை வாங்கும்போது எதைக் கவனிக்கணும்?

மாண்டிசோரி என்று அச்சடித்த பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். ஏழைக் குழந்தைகளின் வீட்டில் தொடங்கிய முறை அது. விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒன்றிலிருந்து இரண்டு வயசுக்குள் பெரிய செட் தேவையே இல்லை. உள்ளே போட, வெளியே எடுக்க, அடுக்க, ஊற்ற ஏதாவது போதும். இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு கிண்ணம், பக்கத்தில் நீங்க. குட்டித் தேங்காய், குட்டித் தக்காளி எல்லாம் இந்த வயசில் ஆபத்து. வாய்க்குள் முழுசாகப் போகும் எதுவும் மூணு வயசுக்கு முன்னால் வேண்டாம்.

இரண்டு வயசைத் தாண்டினால் பொம்மைக்குச் சோறு ஊட்டுவது, போன் பேசுவது போன்ற விளையாட்டு தானாக வரும். மரச் சொப்பு, மரப்பாச்சி, துணிப் பொம்மை, கட்டைகள் போதும். பட்டன் அமுக்கினால் பொம்மையே பேசும் என்றால் குழந்தை பேச என்ன மிச்சம்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2018இல் தந்த பரிந்துரையில் எலக்ட்ரானிக் பொம்மைகளைவிட எளிமையான பொம்மைகளே நல்லது என்றது.

மூணு, நாலு வயசில் டாக்டர் செட், கடை செட் நன்றாகவே எடுபடும். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இதை வைத்து ஒரே ஒரு விளையாட்டுதான் ஆட முடியுமா, பல விதமாக ஆட முடியுமா? தராசும் நாலு கிண்ணமும் இன்று மளிகைக் கடை, நாளை மருந்துக் கடை, மறுநாள் ரயில்வே கேன்டீன். கூடவே நிஜ வேலையும் கொடுங்க. பட்டாணி உரிக்கலாம், பூண்டு உதிர்க்கலாம், தட்டு எடுத்து வைக்கலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் ஒரு சட்டமும் இருக்கு. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயசுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைக் கலைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. எந்தப் பொம்மையாக இருந்தாலும் பெயின்ட் உரிகிறதா, பட்டன் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்க. பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடணும்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய பிறகும் குழந்தை செட்டை விட்டுவிட்டுக் கிச்சன் வாசலில் வந்து நிற்கலாம். 1907இல் சான் லொரென்சோ குழந்தைகள் பொம்மை அடுப்பை விட்டு எழுந்து போனபோது மாண்டிசோரி அவர்களைத் திரும்ப இழுத்து வந்து உட்கார வைக்கவில்லை. எங்கே போகிறார்கள் என்று பார்த்தார். நீங்களும் ஒரு கிண்ணம் பட்டாணியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்க.